உழவரின் இரத்தத்தை உண்ணும் கொக்கிப்புழு: புரதத்தை வெட்டும் நொதிகளே அதன் ஆயுதம்

வெள்ளாடு மெலிந்து, மயிர் சிலிர்த்து, மந்தைக்குப் பின்தங்கினால், ஆடு வளர்ப்போர் உடனே அதன் கீழிமையை விலக்கிப் பார்ப்பர். சிவந்திருக்க வேண்டிய இமை வெளுத்திருந்தால், வயிற்றில் புழு இருக்கிறது என்று முடிவு செய்து மருந்து கொடுப்பர். ஆனால் அதே வெளுப்பு வீட்டுப் பெண்களின் கண்ணிமையிலோ பிள்ளைகளின் நாக்கிலோ தெரியும்போது, 'உடம்பு வாகு', 'வெயில் அலைச்சல்', 'சாப்பாடு போதவில்லை' என்று காரணம் கூறி விட்டுவிடுவது வழக்கமாக உள்ளது. சோகைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மண்ணில் வெறுங்காலோடு உழைக்கும் மக்களை நாடி வரும் ஒரு காரணம் கொக்கிப்புழு ஆகும்.

2010-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய 44 கோடி மக்களின் குடலில் கொக்கிப்புழு இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் வெப்ப நாடுகளின் கிராம மக்களே. இப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. நூல் போன்று மெல்லியது. இத்தகைய சிறு உயிர், ஊசியோ முள்ளோ இன்றி உழவரின் பாதத்தோலைத் துளைத்து உள்ளே செல்வதும், குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிப்பதும், குடித்த இரத்தத்தைச் செரித்துத் தன் உடலாக்கிக் கொள்வதும் எவ்வாறு? புரதத்தை வெட்டும் நொதிகள் என்பதே இதற்கு விடை. அந்த நொதிகள் வேலை செய்யும் இடங்களைத் தெரிந்துகொண்டால், புழுவை எந்த இடத்தில் தடுக்கலாம் என்பதும் விளங்கும்.

நொதி என்றால் என்ன?

முற்றிய ஆட்டுக்கறி எளிதில் வேகாது. அதில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டால் கறி விரைவில் பதமாகிவிடும் என்பதைச் சமையல் அறிந்தோர் அனைவரும் அறிவர். பப்பாளிப் பாலில் உள்ள 'பப்பைன்' என்னும் பொருளே இந்த வேலையைச் செய்கிறது. காயைக் கீறிப் பால் எடுப்போரின் விரல் தோல் அரிப்பெடுத்துப் புண்ணாவதற்கும் இதுவே காரணம். கறியும் தோலும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவை. பப்பைன் புரதத்தை வெட்டும் நொதி ஆகும்.

புரதம் என்பது நூற்றுக்கணக்கான மணிகளைக் கோத்த மாலை போன்றது. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். மாலையை இடையிடையே அறுத்துச் சிறு துண்டுகளாக்குவதும், துண்டுகளை மணி மணியாக உதிர்ப்பதும் நொதிகளின் தொழில். உண்ட பருப்பும் முட்டையும் உடலில் சேர்வதற்கு, வயிற்றில் சுரக்கும் பெப்சினும், கணையத்தில் சுரந்து சிறுகுடலுக்கு வரும் டிரிப்சினும் இவ்வாறு வெட்டித் தருகின்றன. ஒரே அரிவாள் எல்லா வேலைக்கும் உதவாது. கதிர் அறுக்க ஒன்று, தேங்காய் வெட்ட ஒன்று, வேலி கழிக்க ஒன்று எனக் கருவிகள் வேறுபடுகின்றன அல்லவா? அதேபோல் நொதிகளும் வெட்டும் இடத்தாலும், வேலை செய்யும் புளிப்புத் தன்மையாலும் வேறுபடும்.

கொக்கிப்புழுவிடம் இத்தகைய கருவிகள் ஒரு தொகுதியாகவே உள்ளன. தோலைக் கடக்கும்போது சிலவும், இரத்தத்தைச் செரிக்கும்போது வேறு சிலவும் பயன்படுகின்றன.

மண்ணில் வளரும் புழு

மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழுக்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று நெக்கேட்டர் அமெரிக்கானஸ். மற்றொன்று அன்சைலோஸ்டோமா டியோடினேல். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது நெக்கேட்டர் இனமே. இதன் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். முட்டைகள் குடலுக்குள் பொரிப்பதில்லை. மலத்தோடு வெளியேறி மண்ணை அடைந்தால்தான் பொரிக்கும். ஆகவே மண்ணில் மலம் விழாத ஊரில் கொக்கிப்புழு நிலைத்திருக்க முடியாது.

மண்வாகு அறிந்த உழவர்களுக்கு இப்புழுவின் விருப்பு வெறுப்புகள் எளிதில் விளங்கும். முட்டை பொரிக்க வெதுவெதுப்பு, ஈரம், நிழல், காற்றோட்டம் ஆகிய நான்கும் வேண்டும். மணல் கலந்த பொலபொலப்பான மண் ஏற்றது. இறுகிய களிமண் அவ்வளவு ஏற்றதன்று. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் காற்று கிடைக்காமையால் முட்டை பொரிப்பது தடைப்படும். வெயில் நேராக விழுந்து காயும் மண்ணிலும் புழு மடியும். ஆனால் வயலை ஒட்டிய வரப்பு, வாழைத் தோட்டம், தென்னந்தோப்பு, வாய்க்கால் ஓரப் புதர் ஆகியவை ஈரமும் நிழலும் ஒருங்கே உடையவை. மக்கள் வெளிக்குச் செல்ல மறைவு தேடி ஒதுங்கும் இடங்களும் பெரும்பாலும் இவையே. புழுவுக்கு ஏற்ற நாற்றங்காலை மக்களே அமைத்துக் கொடுப்பதாக இது முடிகிறது.

முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். வெளிவரும் இளம்புழு மலத்திலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்களை உண்டு, இரு முறை தோலுரித்து, 5 முதல் 10 நாட்களில் மனிதரைத் தொற்றும் பருவத்தை அடையும். இப்பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்துள்ள கொழுப்பைக் கொண்டு, ஏற்ற மண்ணில் 3, 4 வாரங்கள் காத்திருக்கும். மண்துகள்களைச் சுற்றியுள்ள ஈரப்பசையில் மேலேறி, மனிதத் தோல் படுவதற்காக நிற்கும்.

தோலைத் திறக்கும் நொதிகள்

கொக்கிப்புழு தோல் வழியாக நுழைகிறது என்பது தற்செயலாகவே கண்டறியப்பட்டது. எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானியின் கையில், இளம்புழுக்கள் இருந்த நீர் சிறிது சிந்திவிட்டது. அந்த இடம் சிவந்து அரித்தது. பின்னர் அவர் தம் மலத்தைச் சோதித்தபோது அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. 1898-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இச்செய்தியை முதலில் பலர் நம்பவில்லை. தொடர்ந்து நடந்த ஆய்வுகள் அவர் கூற்றை உறுதி செய்தன.

தோலின் செல்களுக்கு அடியிலும் இடையிலும் கொல்லாஜன் முதலிய புரதங்கள் உள்ளன. செங்கற்களைச் சாந்து பிடித்திருப்பதுபோல் இவை திசுக்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. மனிதத் தோலின் வெப்பமும் பிற தன்மைகளும் பட்டவுடன் இளம்புழு விழித்தெழுகிறது. தன் மேலுறையைக் கழற்றிவிட்டு, மயிர்க்கால் அல்லது வெடிப்பு வழியாகத் தலையை நுழைக்கிறது. அப்போது அது கக்கும் நொதிகள் இந்தச் சாந்தைக் கரைத்து வழி திறக்கின்றன. இந்நொதிகளுள் முக்கியமான ஒன்று, துத்தநாகம் என்னும் உலோகத்தைத் துணையாகக் கொண்டு புரதத்தை வெட்டும் வகையைச் சேர்ந்தது. நெற்பயிருக்குத் துத்தநாக சல்பேட் இடும் உழவர்களுக்கு இவ்வுலோகம் புதியதன்று. பயிரின் நொதிகளுக்கும் அது வேண்டும். புழுவின் நொதிக்கும் அது வேண்டும்.

புழுக்கள் பலவாக நுழைந்தால் கால்விரல் இடுக்கிலும் பாதத்திலும் சிறு கொப்புளங்களும் கடும் அரிப்பும் தோன்றும். இதைச் சேற்றுப்புண் என்று எண்ணி மஞ்சள் பூசி விடுபவர் உண்டு. சேற்றுப்புண் எல்லாம் கொக்கிப்புழுவால் வருவதன்று. நீரில் ஊறிய தோலில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் பற்றுவதாலும் அது வரும். ஆயினும் தோப்பிலோ வரப்பிலோ நடந்த சில நாட்களுக்குள் அரிப்பும் கொப்புளமும் கண்டால் கொக்கிப்புழுவையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தோலைக் கடந்த புழு இரத்தக் குழாயில் புகுந்து, இதயம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. தோலில் நுழைந்த நாளிலிருந்து முட்டையிடத் தொடங்கும் வரை ஐந்து வாரமோ அதற்கு மேலோ ஆகும். வளர்ந்த புழுக்களில் பெரும்பாலானவை ஓரிரண்டு ஆண்டுகளும், சில அதற்கு மேலும் உயிர் வாழும்.

கதிரறுப்பு, அடிப்பு, தூற்றல்

சிறுகுடலில் இப்புழு தன் வாயால் குடற்சுவரின் ஒரு சிறு பகுதியைக் கவ்விக்கொள்கிறது. நெக்கேட்டருக்கு வாயில் வெட்டும் தகடுகளும், அன்சைலோஸ்டோமாவுக்குப் பற்களும் உள்ளன. கவ்விய இடத்தில் சிறு குழாய்கள் அறுபட்டு இரத்தம் கசியும். சாதாரணமாகச் சிறு காயத்தின் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அவ்வாறு உறைந்தால் புழுவுக்கு உணவு நின்றுபோகும். எனவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்களையும் அது சுரக்கிறது. இடம் மாறிக் கடிக்கும்போது பழைய காயத்திலிருந்தும் இரத்தம் சிறிது நேரம் கசிந்து கொண்டிருக்கும். இவ்வாறு புழு குடிப்பதோடு வீணாகும் இரத்தமும் சேர்ந்துகொள்கிறது.

குடித்த இரத்தத்தின் சிவப்பணுக்களைப் புழு முதலில் துளையிட்டு வெடிக்கச் செய்கிறது. அவற்றினுள் இருக்கும் ஹீமோகுளோபின் வெளிப்படுகிறது. இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தருவதும், மூச்சுக் காற்றின் பிராண வாயுவை உடலெங்கும் சுமந்து செல்வதும் இந்த இரும்புள்ள புரதமே. இதை உணவாக்கும் வேலை புழுவின் குடலில் வரிசையாக நடைபெறுகிறது. களத்து வேலையைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதலாவது, கதிரறுப்பு. புளிப்புத் தன்மையில் வேலை செய்யும் அஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ் என்னும் நொதி, முழு ஹீமோகுளோபினில் முதல் வெட்டை வெட்டுகிறது. வயிற்றில் சுரக்கும் பெப்சினுக்கு இது உறவு. இந்த முதல் வெட்டு விழாவிடில் பின்னால் வரும் நொதிகளுக்கு வேலை குறைவு.

இரண்டாவது, அடிப்பு. சிஸ்டீன் புரோட்டியேஸ் எனப்படும் நொதிகள் அத்துண்டுகளை மேலும் சிறிதாக்குகின்றன. பப்பாளியின் பப்பைனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அடுத்து உலோகத்தைத் துணைகொண்ட நொதிகள் இன்னும் சிறிய துண்டுகளாக வெட்டுகின்றன.

மூன்றாவது, தூற்றல். எஞ்சிய சிறு துண்டுகளின் முனையிலிருந்து அமினோ அமிலங்களைப் பிரிக்கும் நொதிகள் கடைசியில் வேலை செய்கின்றன. அந்த மணிகளைக் கொண்டு புழு தன் தசையையும், நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளையும் உருவாக்குகிறது.

இக்கத்திகள் அந்தந்த விருந்தோம்பிக்கு ஏற்பத் தீட்டப்பட்டவை என்பது வியப்புக்குரியது. மனிதரைத் தாக்கும் நெக்கேட்டரின் முதல் நொதி, நாயின் ஹீமோகுளோபினைவிட மனித ஹீமோகுளோபினைத் திறமையாக வெட்டுகிறது. நாயின் கொக்கிப்புழுவின் நொதியோ நாயின் ஹீமோகுளோபினையே நன்றாக வெட்டுகிறது. ஒவ்வொரு புழுவும் குறிப்பிட்ட உயிரையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

புழு தான் வாழும் குடலிலேயே செரிக்கப்படாமல் இருப்பது ஏன் என்ற ஐயம் எழலாம். உயிருள்ள புழுவின் மேல்தோல் உறுதியானது. அதோடு, விருந்தோம்பியின் செரிமான நொதிகளை முடக்கும் பொருள்களையும் குடற்புழுக்கள் உண்டாக்குகின்றன. பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிஸ், பெப்சினையும் டிரிப்சினையும் முடக்கும் பொருள்களை வைத்திருப்பது நன்கு அறியப்பட்டதாகும்.

நாளொன்றுக்கு எவ்வளவு நட்டம்?

ஒரு நெக்கேட்டர் புழுவால் நாளொன்றுக்கு ஏற்படும் இரத்த இழப்பு சுமார் 0.03 மில்லிலிட்டர். அன்சைலோஸ்டோமாவால் இதைப்போல் பல மடங்கு, ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டர் வரை இழப்பு ஏற்படும். துளி அளவுதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

ஒருவர் குடலில் 100 நெக்கேட்டர் புழுக்கள் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்தில் 90 மில்லிலிட்டர். ஆண்டில் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகம். வளர்ந்த ஆணின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். நல்ல இரத்தம் ஒரு மில்லிலிட்டரில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. எனவே நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம் இரும்பு குடலில் கசிகிறது. அதில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்படினும், எஞ்சிய இழப்பு சிறிதன்று. வளர்ந்த ஆண் ஒருவர் உணவிலிருந்து நாளொன்றுக்கு உடலில் சேர்க்க வேண்டிய இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமே ஆகும். வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் சேமிப்பைக் கரைப்பதுபோல், உடலும் தன் இரும்புச் சேமிப்பைக் கரைக்கத் தொடங்கும். சேமிப்பு தீர்ந்தபின் சோகை தலைகாட்டும்.

நன்கு உண்பவருக்குப் பத்து இருபது புழுக்களால் வெளிப்படையான கேடு தெரியாமல் இருக்கலாம். ஆனால் மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பெண்கள், கருவுற்ற தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோரிடம் இரும்புச் சேமிப்பு முன்னதாகவே குறைவு. சிறு இழப்பும் அவர்களைப் பாதிக்கும். நடந்தால் மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்றல், நகமும் இமையும் வெளுத்தல், பள்ளியில் பிள்ளை சோர்ந்து உட்காருதல் ஆகியவை சோகையின் அறிகுறிகள். மண்ணையும் சாம்பலையும் தின்னும் ஆசையும் சோகை உள்ள சிலரிடம் காணப்படும். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைக்காத காலத்தில், வேலை செய்யும் கைகளின் வலுவே இவ்வாறு கரைந்துபோவது குடும்பத்தின் வருவாயையும் பாதிக்கும்.

நொதிகளைக் கொண்டே புழுவை வெல்லலாமா?

புழுவின் உயிர் அதன் நொதிகளில் இருக்கிறது என்றால், அவற்றை முடக்கிப் புழுவைப் பட்டினி போடலாம் அல்லவா? இந்த எண்ணம் ஆடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆட்டின் நான்காம் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்னும் புழு, கொக்கிப்புழுவைப் போன்றே ஹீமோகுளோபினை வெட்டும் நொதிகளைக் கொண்டு வாழ்கிறது. அப்புழுவின் குடற்பரப்பிலுள்ள நொதிப் புரதங்களைப் பிரித்தெடுத்துச் செய்த தடுப்பூசி 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளுக்காக விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் இதில் பங்கு கொண்டன. ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. புழு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது, எதிர்ப்புப் பொருள் புழுவின் குடலிலுள்ள நொதிகளைப் பற்றிக்கொள்கிறது. உணவு கைக்கெட்டியும் செரிக்க இயலாமல் புழு நலிகிறது. இத்தடுப்பூசியை ஒரு பருவத்தில் பல முறை போட வேண்டியுள்ளது.

கொக்கிப்புழுவிலும் இதே வழி ஆராயப்படுகிறது. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கொக்கிப்புழுவின் முதல் வெட்டு நொதியைத் தடுப்பூசியாகப் பெற்ற நாய்களில் புழுக்கள் குறைந்தன, சோகையும் கட்டுப்பட்டது. அதைத் தொடர்ந்து, நெக்கேட்டரின் அந்நொதியை வெட்டும் திறன் இல்லாதவாறு மாற்றியமைத்து, மனிதருக்கான தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. அமெரிக்கா, பிரேசில், காபோன் ஆகிய நாடுகளில் தன்னார்வலர்களிடம் சோதனைகள் நடந்துள்ளன. ஆயினும் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளக்கூடிய தடுப்பூசி இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திராமல் கையிலுள்ள வழிகளைக் கையாளுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பப்பாளிப் பாலின் நொதிகள் குடற்புழுவின் மேல்தோலைக் கரைப்பதை ஆய்வுக்கூடங்களிலும் எலிகளிலும் கண்டுள்ளனர். இதைக் கேட்டுப் பப்பாளிப் பாலைக் குடிப்பது ஆபத்தாகும். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பது மனிதருக்கு வகுக்கப்படவில்லை. அது வாயையும் உணவுக் குழலையும் புண்ணாக்கும். கருவுற்ற பெண்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

மாத்திரை மட்டும் போதுமா?

கொக்கிப்புழுவுக்கு இன்று கொடுக்கப்படும் முக்கிய மருந்து அல்பென்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. இது மேற்கூறிய நொதிகளைத் தாக்குவதில்லை. புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்ச் சட்டத்தைக் குலைத்து, புழு சர்க்கரையை உறிஞ்ச இயலாமல் செய்கிறது. ஒரு வேளை மாத்திரையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குக் கொக்கிப்புழு முழுவதும் நீங்குகிறது; மற்றவர்களிலும் புழுக்களின் எண்ணிக்கை குறைகிறது.

2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரை மாத்திரை. பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்பி வைக்க வேண்டும். எனினும் கொக்கிப்புழு, மற்றக் குடற்புழுக்களைப் போலன்றி, உழைக்கும் வயதினரிடமே மிகுதி. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தந்தையும் பாட்டியும் தோப்பில் முட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தால், சில மாதங்களில் பிள்ளைக்கு மீண்டும் புழு வந்துவிடும். இதைக் கருத்தில் கொண்டே, வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இரு முறை மாத்திரை கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று, 2018-ஆம் ஆண்டில் மாத்திரை வழங்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் நடந்தது. அங்குக் காணப்பட்ட குடற்புழுக்களில் கொக்கிப்புழுவே முதலிடம் பெற்றிருந்தது.

மருந்தை மட்டும் நம்புவதன் குறையைப் பழைய வரலாறும் காட்டுகிறது. 1916-ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களுக்கு ராக்கபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு மருந்து அளித்தது. ஓமத்தில் உள்ள தைமால் அக்காலத்தில் இப்புழுவுக்குரிய முக்கிய மருந்துகளில் ஒன்று. மருந்துண்டவர்களின் புழு வெளியேறியது. ஆனால் போதிய கழிப்பிடம் இல்லாத இடங்களில் தொழிலாளர்கள் மீண்டும் அதே மண்ணில் நடந்து, மீண்டும் புழுவைப் பெற்றனர். களையைப் பறித்துவிட்டு விதையை வயலிலேயே உதிர விடுவதற்கு ஒப்பானது இது.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கழிப்பறையைக் குடும்பத்தில் எல்லோரும் எப்போதும் பயன்படுத்த வேண்டும். வீட்டில் கழிப்பறை இருந்தும் வயல் வேலையின்போது தோப்பில் ஒதுங்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. தொலைவான தோட்டங்களில் பம்புசெட் அருகே எளிய குழிக் கழிப்பறை ஒன்று அமைத்தல் நலம்.

2. மலத்தைப் பச்சையாக எருவாக இடக்கூடாது. இரட்டைக்குழிக் கழிப்பறையில் நிறைந்த குழியை மூடி, இயன்றவரை இரண்டு ஆண்டுகள் கழித்தே எருவை எடுக்க வேண்டும். கொக்கிப்புழு விரைவில் மடிந்துவிடும். அஸ்காரிஸ் முட்டைகள் நெடுநாள் தாங்கும் என்பதால்தான் இந்தக் காலக்கெடு.

3. தோப்பு, வாழைத் தோட்டம், காய்கறிப் பாத்தி, வரப்பு ஆகிய இடங்களில் செருப்பு அணிந்து நடக்க வேண்டும். சேற்று நடவில் செருப்பு உதவாது என்பது உண்மையே. ஆனால் புழு காத்திருப்பது பெரும்பாலும் வயலுக்குச் செல்லும் வழியிலும் ஒதுங்கும் இடத்திலும்தான். ஈரமண்ணில் கையால் வேலை செய்தாலும் புழு நுழையும். எனவே வேலை முடிந்ததும் கைகால்களை நன்கு கழுவித் துடைக்க வேண்டும்.

4. அன்சைலோஸ்டோமா வாய் வழியாகவும் செல்லக்கூடியது. பச்சையாக உண்ணும் கீரை, காய்கறிகளை நல்ல நீரில் பல முறை கழுவ வேண்டும்.

5. இமை வெளுப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் மருத்துவர் ஆலோசனைப்படி மாத்திரை உண்ண வேண்டும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மாத்திரை கூடாது. அதன் பிறகும் மருத்துவர் கூறினால் மட்டுமே உண்ண வேண்டும்.

6. புழுவை நீக்கியவுடன் இழந்த இரும்பு தானே திரும்பி வராது. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, சொன்ன காலம் முழுவதும் உண்ண வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், இயன்றவர்களுக்கு ஈரலும் மீனும் நல்லவை. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பது இரும்பு சேர்வதைக் குறைக்கும்.

7. வீட்டு நாய்க்கும் கால்நடை மருத்துவர் கூறும் முறையில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். நாய், பூனைகளின் சில கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்கடியில் நெளிந்து அரிக்கும் செந்நிறக் கோடுகளை உண்டாக்கும்.

கொக்கிப்புழுவின் கத்திகள் உடலுக்குள் நுழைந்தபின் அவற்றை மழுங்கச் செய்வது விஞ்ஞானிகளின் வேலை. அது நடந்து வருகிறது. ஆனால் அக்கத்திகள் மண்ணில் தயாராவதைத் தடுப்பது ஊராரின் கையில் உள்ளது. ஓர் ஊரில் எல்லோரும் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினால், அங்குள்ள மண்ணில் ஏற்கெனவே காத்திருக்கும் புழுக்கள் சில வாரங்களில் உணவின்றி மடிந்துவிடும். குடலில் இருப்பவற்றை மாத்திரை நீக்கும். மருந்தும் கழிப்பறையும் ஏர் மாடுகள்போல் இணையாகச் சென்றால், உழவர் குடும்பங்களின் இரத்தம் அவர்களின் உழைப்புக்கே பயன்படும்.